இன்டு தி பிரீச்: எதிராளியின் காயை நாமே நகர்த்தும் சதுரங்கம்

சதுரங்கம் ஆடுகிற எல்லோருக்கும் ஒரு ரகசிய ஆசை உண்டு. எதிராளியின் குதிரை மட்டும் ஒரு கட்டம் தள்ளி நின்றிருந்தால் ஆட்டம் நம் கையில் என்று எத்தனை முறை பெருமூச்சு விட்டிருப்போம். அந்த ஆசையையே விதியாக்கி வைத்திருக்கிறது இன்டு தி பிரீச் என்ற கணினி விளையாட்டு. ஜஸ்டின் மா, மாத்யூ டேவிஸ் இருவரும் நடத்தும் சப்செட் கேம்ஸ் இதை 2018 பிப்ரவரியில் வெளியிட்டது. பலகை சதுரங்கத்தினுடையதுதான்: எட்டுக்கு எட்டு, 64 கட்டங்கள். காய்கள் மட்டும் வேறு. நம் பக்கம் மூன்று ராட்சத எந்திரங்கள்; மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் மெக்குகள். எதிர்ப்பக்கம் நிலத்தைப் பிளந்துகொண்டு வரும் வெக் என்ற பூதாகாரப் பூச்சிகள்.

சதுரங்கத்தோடு சண்டையைக் கலப்பது புதிய யோசனை அல்ல. 1983இல் வந்த ஆர்க்கான் என்ற கணினி விளையாட்டில் ஒரு காய் இன்னொன்றின் கட்டத்துக்குள் நுழைந்தால் உடனே வெட்டு விழாது. இரண்டும் தனிக்களத்தில் மோதிக்கொள்ளும். கைவேகம் இருந்தால் அங்கே சிப்பாய்கூட டிராகனைச் சாய்க்கலாம். இன்டு தி பிரீச்சில் கைவேகத்துக்கு வேலையே இல்லை. ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் யோசித்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. எதிரிகள் அடுத்து எங்கே அடிக்கப் போகிறார்கள், எத்தனை சேதம், எந்த வரிசையில் என்பதெல்லாம் திரையில் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். எதுவும் மறைவாக இல்லாததுதான் இதன் கொடுமை. தோற்றால் பகடையைக் குறை சொல்ல முடியாது.

கதை இரண்டு வரிதான். கடல் ஏறி, மிஞ்சியது சில தீவுகள். பூச்சிகளிடம் உலகை இழந்த எதிர்காலத்திலிருந்து விமானிகள் காலத்தைத் துளைத்துக்கொண்டு பின்னோக்கி வருகிறார்கள். இங்கேயும் தோற்றால் இன்னொரு காலக்கோட்டுக்குத் தாவுகிறார்கள். ஆக, நீங்கள் தோற்பதும் கதையின் பகுதியே.

முதல் படி: ராஜா யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக ஆடுகிறவர்கள் மெக்குகளைத்தான் ராஜாவாக நினைக்கிறார்கள். ராஜா உங்கள் படையிலேயே இல்லை. பலகையில் ஆங்காங்கே நிற்கும் குடியிருப்புக் கட்டடங்கள்தாம் ராஜா. அவற்றில் விழும் ஒவ்வொரு அடியும் திரையின் மேலே தெரியும் மின்தொகுப்பில் ஒன்றைக் குறைக்கும். அந்த அளவுகோலின் உச்சம் 7. தொடங்கும்போது அதுவும் முழுதாக இருக்காது. அது பூஜ்யத்தைத் தொட்டால் உங்கள் மூன்று மெக்குகளும் கீறல்கூட இல்லாமல் நின்றாலும் ஆட்டம் முடிந்தது.

இதிலிருந்து ஒரு கணக்கு பிறக்கிறது. மெக்கின் காயம் போர் முடிந்ததும் தானாக ஆறிவிடும். மின்தொகுப்பின் காயம் அடுத்த போருக்கும், அடுத்த தீவுக்கும் கூடவே வரும். ஆகவே பூச்சியின் வாய்க்கும் கட்டடத்துக்கும் நடுவே உங்கள் மெக்கைக் கொண்டுபோய் நிறுத்தி அடி வாங்க வைப்பது பல நேரங்களில் மிக நல்ல நகர்வு. சதுரங்கத்தில் பலி கொடுக்கத் தயங்குகிறவர் இங்கே தேற மாட்டார். ஒரு எச்சரிக்கை மட்டும்: மெக் முழுவதுமாக வீழ்ந்தால் உள்ளே இருக்கும் விமானி இறந்துவிடுவார். அடுத்த போரில் மெக் திரும்ப வரும், அவர் வர மாட்டார்.

கட்டடத்துக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டமும் ஒதுக்கியிருக்கிறார்கள். தொடக்கத்தில் 15 சதவீத வாய்ப்பில் அது அடியைத் தாங்கிக்கொள்ளும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கிடைத்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் இப்போதே கைவிட வேண்டும். எல்லாப் பூச்சிகளையும் கொன்றால்தான் வெற்றி என்பதில்லை. பெரும்பாலான போர்கள் நான்கைந்து சுற்றுகளில் முடிந்துவிடும். நேரம் முடிந்ததும் மிஞ்சிய பூச்சிகள் மண்ணுக்குள் ஓடிவிடும். நீங்கள் தாக்குப்பிடிக்கிற ஆள், வேட்டைக்காரர் அல்ல. கொலைக்கு அனுபவப் புள்ளி உண்டுதான். அந்த ஆசையில் ஒரு கட்டடத்தைப் பறிகொடுத்தால் கணக்கு உதைக்கும்.

இரண்டாம் படி: தொடுவதற்கு முன் வாசியுங்கள்

உங்கள் முறை வந்ததும் எதையும் நகர்த்தாதீர்கள். ஒவ்வொரு பூச்சியின் மேலும் சுட்டியை வைத்து அது யாரைக் குறிவைக்கிறது என்று பாருங்கள். பிறகு தாக்குதல் வரிசையைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். ஒவ்வொரு எதிரியின் தலைக்கு மேலும் ஓர் எண் வரும். நான் பல நாட்கள் இந்தப் பொத்தானைப் பொருட்படுத்தவே இல்லை. முதலில் அடிக்கப் போகும் பூச்சியைக்கொண்டு இரண்டாவதைக் கொல்லலாம். இரண்டாவதைக்கொண்டு முதலாவதைத் தடுக்க முடியாது. இவ்வளவு எளிய விஷயம் தெரியாமல் ஒரு நல்ல விமானியை இழந்த பிறகுதான் புத்தி வந்தது.

இன்னொரு வசதி: மெக்கை நகர்த்தினால் அந்த நகர்வைத் திரும்பப் பெறலாம், யாராவது ஆயுதத்தைப் பிரயோகிக்கும் வரை. ஆகவே மூன்று மெக்குகளையும் முதலில் நகர்த்தி நிறுத்திப் பாருங்கள். ஆயுதத்தைத் தேர்ந்தெடுத்து இலக்கின் மேல் வைத்தால் என்ன நடக்கும் என்று திரை காட்டும். சரிப்படவில்லை என்றால் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். சதுரங்கத்தில் தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும், இங்கே தாராளம். அதற்கும் மேலாக, ஒரு போரில் ஒரே ஒரு முறை அந்தச் சுற்றையே தொடக்கத்துக்குத் திருப்பிவிடலாம். அதை முதல் சுற்றிலேயே செலவழிக்காதீர்கள்.

மூன்றாம் படி: அடிக்காதீர்கள், தள்ளுங்கள்

ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பூச்சி ஒன்றின் தாக்குதல் ஒரு கட்டத்தோடு கட்டப்பட்டதல்ல, பூச்சியோடு கட்டப்பட்டது. வடக்கே பார்த்துச் சுடப் போகிற பூச்சியை ஒரு கட்டம் கிழக்கே தள்ளினால், புதிய இடத்திலிருந்து அப்போதும் வடக்கேதான் சுடும். தலைக்கு மேல் வளைத்து எறிகிற ஸ்காரப் போன்ற வகையும் அப்படியே. அது ஒரு கட்டம் நகர்ந்தால் அதன் குறியும் அதே திசையில் ஒரு கட்டம் நகரும். ஆகவே ஒரு தள்ளலுக்கு மூன்று பயன்கள் இருக்க முடியும்: அடி கட்டடத்தில் விழாமல் போவது, அந்த அடி இன்னொரு பூச்சியின் மேல் விழுவது, தள்ளப்பட்ட இடமே அதற்கு எமனாக அமைவது.

மோதலுக்கும் விலை உண்டு. தள்ளப்படுகிற கட்டத்தில் ஏற்கெனவே ஏதாவது நின்றால் நகர்வு நடக்காது. இரண்டுக்கும் ஒவ்வொரு புள்ளி சேதம். ஒரு பூச்சியை இன்னொன்றின் மேல் மோதவிட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மலையில் மோதினாலும் பூச்சிக்குச் சேதம். பலகையின் விளிம்பில் மட்டும் எதுவும் ஆகாது. அங்கே தள்ளுவது வீண். கட்டடத்தில் மோதினால் கட்டடமும் ஒரு புள்ளி இழக்கும் என்பதை மறக்கவே கூடாது. என் முதல் நாள் ஆட்டத்தில் பெருமையோடு ஒரு பூச்சிக்கு விட்ட குத்து, அதைப் பின்னால் இருந்த குடியிருப்பில் கொண்டுபோய் இடித்தது. பூச்சி செய்ய வந்த வேலையை நானே செய்து கொடுத்தேன்.

கவசம் போர்த்திய எதிரிகளுக்கு ஆயுதச் சேதம் ஒன்று குறையும். மோதல் சேதம் குறையாது. எனவே கவசப் பூச்சியைச் சுட்டு நேரத்தை வீணாக்குவதைவிட எதிலாவது இடிப்பது மேல்.

ஒரு சுற்றை அருகிலிருந்து பார்க்கலாம். தொடக்கத்தில் கிடைக்கும் படை ரிஃப்ட் வாக்கர்ஸ். காம்பாட் மெக்கின் குத்து 2 சேதம், கூடவே ஒரு தள்ளல். கேனன் மெக் நேர்கோட்டில் சுடும். முதலில் எதிர்ப்படுவதற்கு 1 சேதம், ஒரு தள்ளல். ஆர்ட்டிலரி மெக் தலைகளைத் தாண்டி எறியும். விழுந்த கட்டத்துக்கு 1 சேதம், சுற்றியுள்ள நான்கு கட்டங்களில் நிற்பவை வெளிப்பக்கம் தள்ளப்படும்.

சதுரங்கப் பலகையை மனத்தில் விரித்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலம் ஏ முதல் எச் வரை, கீழிருந்து மேல் 1 முதல் 8 வரை. டி5இல் ஒரு குடியிருப்பு. அதே நிரலில் டி2இல் ஃபயர்ஃபிளை என்ற, நேர்கோட்டில் சுடும் பூச்சி ஒன்று மேல்நோக்கிச் சுடத் தயாராக நிற்கிறது. நடுவே எதுவும் இல்லை. இ4இல் ஒரு ஸ்காரப். அதன் குறி பி4இல் உள்ள இன்னொரு கட்டடம். இ2இல் மண் குமுறுகிறது, அதாவது அடுத்து ஒரு புதிய பூச்சி அங்கே முளைக்கப் போகிறது. பலகையின் மூலையில் வானத்திலிருந்து விழுந்த காலப்பேழை ஒன்றும் கிடக்கிறது. அதைப் போய் எடுத்தால் பரிசு. தாக்குதல் வரிசையில் ஃபயர்ஃபிளைக்கு 1, ஸ்காரபுக்கு 2.

முதலில் தோன்றும் எண்ணம், ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து அடிப்பது. ஃபயர்ஃபிளைக்கு 3 உயிர், ஸ்காரபுக்கு 2. இரண்டையும் இந்தச் சுற்றிலேயே கொல்லப் பார்த்தால் மூன்று மெக்குகளும் அங்கேயே மாட்டிக்கொள்ளும், பேழையை எடுக்க ஆள் இருக்காது. இப்படிச் செய்து பாருங்கள். கேனன் மெக்கை ஏ2இல் நிறுத்தி வலப்பக்கம் சுடுங்கள். குண்டு ஃபயர்ஃபிளையைத் தாக்கி 1 சேதம் கொடுத்து, அதை இ2க்குத் தள்ளுகிறது. அது இன்னும் மேல்நோக்கித்தான் சுடும். இப்போது அதன் வழியில் நிற்பது குடியிருப்பு அல்ல, இ4இல் இருக்கும் ஸ்காரப். அடுத்து ஆர்ட்டிலரி மெக்கை இ8இல் வைத்து ஸ்காரப் மேல் எறியுங்கள்; அதற்கு 1 உயிர் மிஞ்சும். இவ்வளவே. எதிரியின் முறையில் ஃபயர்ஃபிளை முதலில் சுட்டுத் தன் கூட்டாளியைக் கொல்கிறது. ஸ்காரப் எறிய உயிரோடு இல்லை. பிறகு இ2இல் முளைக்க வந்த பூச்சி, மேலே ஃபயர்ஃபிளை நிற்பதால் வெளியே வர முடியாமல் அதன் காலடியில் முட்டி இன்னொரு சேதத்தைக் கொடுத்துவிட்டு அடங்குகிறது. ஃபயர்ஃபிளைக்கு மிஞ்சுவது 1 உயிர். காம்பாட் மெக்கோ இந்தக் களேபரத்தில் கலந்துகொள்ளாமல் காலப்பேழையை எடுக்கப் போய்விட்டது.

முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இதுதான். கவனித்தீர்களா, வரிசையில் ஸ்காரப் முதலாவதாக இருந்திருந்தால் இந்தத் திட்டம் முழுவதும் மண்ணாகியிருக்கும்.

நான்காம் படி: முளைக்கும் துளைகளும் தரையும்

மேலே பார்த்தபடி, குமுறும் மண்ணின் மேல் எது நின்றாலும் பூச்சி வெளியே வராது; நிற்பதற்கு 1 சேதம். அடைபட்ட பூச்சி அடுத்த சுற்றில் மறுபடி முயலும், ஆகவே இது விரட்டுவதல்ல, ஒத்திப்போடுவது. ஆனால் நான்கைந்து சுற்றுப் போரில் ஒரு சுற்றை ஒத்திப்போடுவதற்கே பெரிய மதிப்பு உண்டு. உங்கள் மெக்கை வைத்தும் அடைக்கலாம், பூச்சியை வைத்தும் அடைக்கலாம். இரண்டாவதுதான் அழகு.

தரையையும் ஒரு காயாகவே எண்ணுங்கள். தண்ணீரில் தள்ளப்பட்ட சாதாரணப் பூச்சி அந்தக் கணமே மூழ்கிச் சாகும், எத்தனை உயிர் இருந்தாலும். பறக்கும் வகைகளுக்கு இது பொருந்தாது. ஹார்னெட்டைக் குளத்தில் தள்ளிவிட்டு ஏமாறாதவர்கள் குறைவு. மெக்குகள் கனமானவை, தண்ணீரில் மூழ்காது; ஆனால் உள்ளே நிற்கும்வரை ஆயுதம் வேலை செய்யாது. பிளவுப் பள்ளம் மட்டும் யாரையும் விடாது, பறப்பவற்றைத் தவிர. காட்டில் அடி விழுந்தால் தீப்பற்றும். மணலில் அடி விழுந்தால் புகை கிளம்பும்.

தீயும் புகையும் ஆரம்பத்தில் அலங்காரமாகத் தெரியும். உண்மையில் அவை சத்தமில்லாத கூலிப்படை. எரிகிற பூச்சி தன் முறையின் தொடக்கத்தில், தாக்குவதற்கு முன்பே, 1 உயிரை இழக்கும். ஒற்றை உயிரோடு நிற்கும் எதிரிக்குத் தீ வைத்துவிட்டால் போதும், அதன் தாக்குதலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். புகைக்குள் நிற்கும் எதுவும் தாக்க முடியாது, உங்கள் மெக் உட்பட. அமிலம் பட்டவர்களுக்கு ஆயுதச் சேதம் இரட்டிப்பு. உறைந்துபோனவர்கள் அசைய முடியாது. ஆனால் அடுத்த அடியை அந்தப் பனிக்கட்டியே வாங்கிக்கொள்ளும். கட்டடத்தையே உறையவைத்துக் காப்பாற்றலாம் என்பது எனக்குத் தோன்ற வெகுநாளாயிற்று.

வலையில் சிக்கினால் மெக் நகர முடியாது, சுடலாம். வலை பின்னிய பூச்சியைத் தள்ளினாலோ, உங்கள் மெக்கையே இன்னொரு மெக்கின் குண்டால் இடம்பெயர்த்தாலோ வலை அறுந்துவிடும். தன் ஆளையே இடித்துத் தள்ளுவது முதலில் கூச்சமாக இருக்கும். பழகிவிடும்.

பலகையில் ஸையான் என்ற மிதக்கும் தலைமைப் பூச்சி இருந்தால், மற்றதை ஒதுக்கிவைத்துவிட்டு அதைக் கவனியுங்கள். சில ஸையான்கள் கூட்டத்துக்கே ஓர் உயிரைக் கூட்டும், சில கவசம் தரும், சில காயத்தை ஆற்றும். ஒரு வகை இருந்தால் ஒவ்வொரு பூச்சியும் சாகும்போது வெடிக்கும். அந்தக் கடைசி வகை உயிரோடு இருக்கும்போது கட்டடத்தின் பக்கத்தில் எதையும் கொல்லாதீர்கள்.

ஐந்தாம் படி: தீவுகள், கடை, விமானிகள்

தீவுகள் நான்கு, ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் கையில். ஆர்க்கைவ் பசுமையான தீவு, பழகுவதற்கு ஏற்றது. ஆர்.எஸ்.டி. பாலைவனம். பினக்கிள் ரோபோட்டிக்ஸ் உறைபனி. அங்கே கட்டுப்பாடிழந்த ரோபோக்களும் எதிரிகள். டெட்ரிட்டஸில் அமிலமும் கன்வேயர் பெல்ட்டுகளும். பெல்ட்டில் நிற்பவர்கள் தானாக நகர்வார்கள் என்பதைக் கணக்கில் எடுக்காவிட்டால் மேலே சொன்ன திட்டமெல்லாம் ஒரு கட்டம் பிசகும்.

போரைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் கூடுதல் இலக்குகளைப் படியுங்கள். ரயிலைக் காப்பாற்று, இத்தனை பூச்சிகளைக் கொல் என்று இருக்கும். அவை தரும் நற்பெயர்ப் புள்ளிகளைத் தீவின் கடைசியில் கடையில் செலவழிக்கலாம். மின்தொகுப்பு 3க்குக் கீழே போயிருந்தால் முதலில் மின்சாரம் வாங்குங்கள். மற்றபடி, மெக்குக்கும் ஆயுதத்துக்கும் சக்தி ஊட்டும் ரியாக்டர் கோர். புதிய ஆயுதம் கண்ணைப் பறிக்கும். அதற்கு மின்னூட்ட கோர் இல்லாமல் பெட்டியில் தூங்கும் ஆயுதத்தால் ஒரு பயனும் இல்லை. கோரை எதில் போடுவது என்றால், என் கட்சி எப்போதும் நகர்வு. ஒரு கட்டம் கூடுதலாக நகரும் மெக், இரட்டைச் சேதம் தரும் மெக்கைவிட அதிகப் புதிர்களை அவிழ்க்கிறது. ரிஃப்ட் வாக்கர்ஸில் ஆர்ட்டிலரிக்கு மட்டும் விதிவிலக்கு தருவேன். அதன் குண்டு கட்டடத்தைச் சேதப்படுத்தாதபடி செய்யும் மேம்பாட்டை முதலில் வாங்குங்கள். கட்டடத்தின் மேலேயே எறிந்து, சுற்றி நிற்கும் நான்கு பூச்சிகளையும் வெளியே சிதறடிக்கிற சுகம் அப்போதுதான் தெரியும்.

விமானிகளில் கமீலா வேராவுக்கு வலையும் புகையும் ஒரு பொருட்டல்ல. ஹென்றி க்வான் எதிரிகளை ஊடுருவி நடப்பார். ஆர்க்கிமிடீஸ் சுட்ட பிறகும் நகர்வார். கிடைத்தால் மூன்றாமவரை விடாதீர்கள். சுட்டுவிட்டு அந்த இடத்திலேயே அகப்பட்டுக்கொள்வதுதான் இந்த ஆட்டத்தின் பாதித் தொல்லை. அவருக்கு அது இல்லை.

இரண்டு தீவுகளை மீட்டதும் கடைசிப் போருக்கான கதவு திறந்துவிடும். எத்தனை தீவுகளை முடித்துவிட்டுப் போகிறீர்களோ அதற்கேற்ப அங்கே கடுமையும் கூடும். முதல் வெற்றிக்கு இரண்டு தீவோடு போய்விடுங்கள்; வீம்புக்கு நான்கையும் முடிப்பது பிறகு. இறுதிப் போர் இரண்டு பகுதி: எரிமலையின் மேல் ஒன்று, அதன் வயிற்றுக்குள் ஒன்று. உள்ளே இறக்கப்படும் பெரிய குண்டு வெடிக்கும்வரை அதைக் காக்க வேண்டும். இங்கே மட்டும் மெக்குகளைப் பரப்பாதீர்கள். குண்டிலிருந்து இரண்டு கட்டத் தூரத்துக்குள்ளேயே மூன்றும் நிற்கட்டும்.

படைகளும் தோல்வியும்

சாதனைகளுக்குக் கிடைக்கும் நாணயங்களால் புதிய படைகள் திறக்கும். ரஸ்டிங் ஹல்க்ஸ் புகையை ஆயுதமாக்கும் படை. பூச்சிகள் தாக்க முடியாமல் நிற்பதோடு புகையிலேயே காயப்படும். பிளிட்ஸ்கிரீக்கின் மின்னல், தொட்டுத் தொட்டு நிற்பவர்கள் எல்லோருக்குள்ளும் பாயும், உங்கள் மெக்குக்குள்ளும். ஃப்ரோசன் டைட்டன்ஸ் பனிப்படை. அழகானது, ஆனால் எதிரியை உறையவைக்க ஐஸ் மெக் தன்னையும் உறையவைத்துக்கொள்ளும். ரிஃப்ட் வாக்கர்ஸோடு ஒரு முறையாவது வென்ற பிறகு இவற்றைத் தொடுங்கள். 2022 ஜூலையில் அட்வான்ஸ்டு எடிஷன் என்ற இலவச விரிவாக்கம் வந்தது; புதிய படைகள், புதிய விமானிகள், கூடவே அன்ஃபேர் என்ற கடினநிலை. அதே நாளில் நெட்ஃபிளிக்ஸ் வழியாகக் கைபேசிக்கும் வந்தது. முதல் சில நாட்களுக்கு விரிவாக்கத்தின் கூடுதல் எதிரிகளை அணைத்துவைத்துவிட்டு, ஈஸி நிலையில் ஆடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஈஸியில்கூட நான் முதல் மூன்று காலக்கோடுகளையும் இழந்தேன்.

தோற்கும்போது உயிரோடு இருக்கும் விமானிகளில் ஒருவரை மட்டும் அடுத்த காலக்கோட்டுக்கு அனுப்பலாம். பெற்ற அனுபவத்தோடு அவர் அங்கே போய்ச் சேருவார். மின்தொகுப்பு 1இல் நிற்கிறது, இந்தச் சுற்றில் எப்படியும் ஒரு கட்டடம் போய்விடும் என்று தெரிந்துவிட்டால், உடனே மனத்தில் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். கட்டடத்தின் முன்னால் அடி வாங்க நிறுத்தியிருக்கிறீர்களே அந்த மெக், அதில் உட்கார்ந்திருப்பது யார்? ஆர்க்கிமிடீஸ் என்றால் அவரைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு ஒருவரை நிறுத்துங்கள்.